துறைமுகங்களின் குரல்: ஜே. பி. சந்திரபாபுவும் தமிழில் ராக் அண்ட் ரோலும்

புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகளும், கடல் வாணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய பல மொழி பேசுவோர் ஒருங்கே வாழ்ந்த குடியிருப்புகளும் இருந்தன என்பதைச் சிலப்பதிகாரம் பதிவு செய்துள்ளது. பல மொழியினர் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலையும் உறுதி செய்கிறது. அதே சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைதான் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்க்குரிய இலக்கணத்தையும், அவர்கள் நின்று நிகழ்த்திய அரங்கின் நீள அகல உயரங்களையும் விரித்துரைக்கிறது. இலக்கணம் வகுக்கப்பட்ட கலையும், கடல் கொண்டுவந்து சேர்த்த வேற்றொலிகளும் ஒரே நகரின் இரு பாக்கங்களில் வாழ்ந்தன என்னும் இந்த உண்மை தமிழிசை வரலாற்றை எழுதுவோர் மறக்கக் கூடாத ஒன்றாகும். பூம்புகாரில் நிகழ்த்தப்படும் இச்சொற்பொழிவு, துறைமுக நகரங்களின் வழியே இருபதாம் நூற்றாண்டில் தமிழுக்கு வந்த ஓர் இசைவகையையும், அதைத் தம் குரலாலும் உடலாலும் தமிழாக்கிய ஒரு கலைஞரின் வாழ்வையும் பொருளாகக் கொள்கிறது.

அந்த இசைவகை ராக் அண்ட் ரோல்; அந்தக் கலைஞர் ஜே. பி. சந்திரபாபு (1927–1974). நகைச்சுவை நடிகர் என்றே அவரைத் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய பாடல்களும் அந்த நகைச்சுவையின் துணைப்பொருளாகவே பேசப்படுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் கருத்து. சந்திரபாபு முதன்மையாக ஓர் இசைக்கலைஞர். அவர் இசை திரையில் இடம்பெற வேண்டுமானால் அணிந்தாக வேண்டியிருந்த வேடமே நகைச்சுவை.

முதலில் இசைவகையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் என்னும் துயரப் பாடல் மரபும், அவர்களுடைய தேவாலயப் பாட்டும், தென்மாநில வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாட்டும் கலந்து 1950களின் நடுவில் உருப்பெற்றதே ராக் அண்ட் ரோல். பில் ஹேலி தம் புகழ்பெற்ற பாடலைப் பதிவு செய்தது 1954 ஏப்ரலில். எல்விஸ் பிரெஸ்லி மெம்பிஸ் நகரின் சன் பதிவகத்தில் முதல் இசைத்தட்டுக்காகப் பாடியது அதே ஆண்டு ஜூலையில். சக் பெரியும் லிட்டில் ரிச்சர்டும் மறு ஆண்டில் பெரும் புகழ் பெற்றனர். இதன் கட்டமைப்பைத் தமிழிசைச் சொற்களால் விளக்க இயலும். நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு ஆவர்த்தங்கள் ஒரு சுற்றாக அமையும். அச்சுற்று, மூன்று சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும் சுரக்கூட்டுகளில் மூன்றினை, அதாவது ச, ம, ப ஆகியவற்றை அடியாகக் கொண்டவற்றை, வரிசை மாற்றி அடுக்கிச் செல்லும். நம் தாளங்களில் முதல் எண்ணிக்கையில் விழும் அழுத்தம் இதில் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் விழும். ஒவ்வோர் எண்ணிக்கையும் உள்ளே மூன்றாகப் பகுக்கப்பட்டு, முதல் இரு பங்கு சேர்ந்து நீண்டும் கடைசிப் பங்கு குறுகியும் ஒலிப்பதால் ஒரு துள்ளல் பிறக்கும். திஸ்ர நடையில் பழகிய செவிக்கு இத்துள்ளல் முற்றிலும் அயலானதாக இருக்க வாய்ப்பில்லை.

மேலை இசை காவிரிப் படுகைக்கு வந்தது திரைப்படத்தால்தான் என்று கருதுவதும் பிழையாகும். இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) தஞ்சை அரண்மனையில் மேலை வாத்தியக் குழு இருந்தது. தீட்சிதர் குடும்பத்துப் பாலுசாமியும் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலும் வயலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினர். முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயப் படைக்குழுக்களின் மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். பூம்புகாருக்குத் தெற்கே, அதே கடற்கரையில், சிறு தொலைவில் உள்ள தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் மரபில் ஜெர்மானிய லுத்தரன் மெட்டுகள் தமிழில் ஞானப்பாட்டுகளாகப் பாடப்பட்டு இன்றளவும் நிலைத்துள்ளன. ஆயினும் அரண்மனையும் ஆலயமும் மேலை இசையைத் தத்தம் ஒழுங்குக்கு உட்படுத்தியே ஏற்றன. இசை கேட்டு உடல் ஆடுவதற்கு அங்கே இடமில்லை. உடலையும் சேர்த்து இழுத்துவந்த மேலை இசைக்குத் துறைமுகத்தின் தெருவே நுழைவாயிலாக வேண்டியிருந்தது.

சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடியில், 1927 ஆகஸ்டில். ஜோசப் பனிமயதாஸ் என்பது இயற்பெயர். அந்நகரின் பனிமய மாதா பேராலயத்தின் பெயரைத் தாங்கியது. முத்துக்குளித்துறையின் பரதவர் சமூகம் 1530களில் போர்ச்சுகீசியர் காலத்தில் கத்தோலிக்க மறையை ஏற்றது; அதனால் அவர்தம் வாழ்வில் நான்கு நூற்றாண்டுகளாக ஐரோப்பியப் பெயர்களும் ஆலயப் பாடற்குழுவும் இயல்பாகக் கலந்திருந்தன. தந்தையார் ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், பத்திரிகை நடத்தியவர். அதன் விளைவாக ஆங்கில ஆட்சியின் ஒடுக்குமுறைக்கு ஆளாகி, குடும்பம் இலங்கைக்குப் பெயர நேர்ந்தது. ஆகவே சந்திரபாபுவின் சிறுவயதும் பள்ளிப் பருவமும் கொழும்பில் கழிந்தன.

இந்தக் கொழும்பு வாழ்க்கையே அவருடைய இசையின் விளைநிலம் என்று கொள்ளத் தக்க காரணங்கள் உள்ளன. கொழும்பில் 1920களிலேயே வானொலி ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. துறைமுகத்திற்கு வந்த கப்பல்களின் வழியே இசைத்தட்டுகள் தாராளமாகக் கிடைத்தன. பறங்கியர் என்று அழைக்கப்பட்ட ஐரோப்பியக் கலப்பினத்தாரின் நடனக் கூடங்களும், போர்ச்சுகீசியரும் ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற தாளங்களிலிருந்து வளர்ந்த பைலா பாட்டும் நகர வாழ்வின் பகுதியாக இருந்தன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கிய அந்நகரில் வளர்ந்த சிறுவன், ஒரு மொழியின் ஒலியழுத்தத்தை இன்னொரு மொழியின் சொற்களுக்கு ஏற்றிப் பாடும் திறனைப் பயிற்சி ஏதுமின்றியே பெற்றிருக்கக் கூடும். 1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறியபோது, அவரிடம் இருந்த பெருஞ்செல்வம் அந்தச் செவிதான்.

சென்னையில் அவர் பட்ட துன்பங்கள் பலராலும் எழுதப்பட்டவை. இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். மணிக்கொடி எழுத்தாளர் பி. எஸ். ராமையா இயக்கிய ‘தன அமராவதி’ (1947) அவருக்கு முதல் படம். அதன் பின்னர் வாய்ப்புகள் வராத விரக்தியில் 1952இல் தற்கொலைக்கு முயன்று, அதற்காக நீதிமன்றத்திலும் நின்றார். அதே ஆண்டில் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வேடம் தந்தது. ஐந்தாண்டு தேடியலைந்தவருக்கு வழி திறந்தது அங்கேதான்.

1950களின் தொடக்கத்தில் தமிழ்த் திரையிசை ஒரு பெரும் மாற்றத்தின் நடுவில் இருந்தது. கர்நாடக இசையில் ஊறிய நடிகர்கள் தாமே பாடிய காலம் முடிந்து, பின்னணிப் பாடகர்களின் காலம் வேரூன்றியது. இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் மேலைத் தாளங்களைத் தமிழ்ப் பாட்டில் துணிந்து புகுத்தி, 1952இல் இளவயதிலேயே மறைந்தார். அவரிடம் பணியாற்றிய விசுவநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களின் வாத்தியக் குழுக்களில் கோவாவிலிருந்து வந்தவர்களும் ஆங்கிலோ-இந்தியரும் டிரம்பெட்டும் சாக்சபோனும் டிரம்சும் வாசித்தனர். வாத்தியங்கள் இவ்வாறு ஆயத்தமாக இருந்தன; அவற்றோடு ஒத்துச் செல்லும் தமிழ்க் குரல்தான் வரவேண்டியிருந்தது.

சந்திரபாபுவின் குரலில் முதலில் கவனிக்கத் தக்கது யோடலிங் என்னும் உத்தி. ஆல்ப்ஸ் மலை இடையர்களிடம் தோன்றியதாகச் சொல்லப்படும் இவ்வுத்தியில், பாடகர் நெஞ்சிலிருந்து எழும் இயல்பான குரலிலிருந்து கள்ளக் குரல் என நம் பாடகர்கள் குறிப்பிடும் மேல்நிலைக் குரலுக்குத் திடீரெனத் தாவி, மீண்டும் கீழிறங்குவார். இரு குரல்களுக்கும் இடையே உள்ள முறிவை மறைக்காமல், அந்த முறிவையே அணியாகக் காட்டுவது இதன் சிறப்பு. அமெரிக்காவில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் (1897–1933) இதைப் புளூசுடன் இணைத்துப் பாடிய இசைத்தட்டுகள் உலகெங்கும் சென்றன. இந்தியில் கிஷோர் குமார் இதைத் தமக்குரிய முத்திரையாக்கிக்கொண்ட அதே காலத்தில் தமிழில் சந்திரபாபு அதைச் செய்தார். கர்நாடகக் குரற்பயிற்சி மூன்று தாயிகளிலும் குரல் முறியாமல் ஒழுகவேண்டும் என்று கற்பிக்கிறது. அப்பயிற்சி குறை என்று விலக்கிய ஒன்றை அழகாக மாற்றிக் காட்டியவரின் துணிவு எளிதில் மதிப்பிடக் கூடியதன்று. நடவு வயலில் பெண்கள் குலவையிடும்போது எழும் உச்ச ஒலியைக் கேட்டு வளர்ந்த காவிரிப் படுகை மக்கள் இக்குரலை உடனே ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

இவர் குரலின் மதிப்பைத் திரையுலகம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன. ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’ (1954) படத்தில் சிவாஜி கணேசனுக்காகவும், ஏவி.எம். நிறுவனத்தின் ‘பெண்’ (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்காகவும் அவர் பின்னணி பாடினார். பின்னாளில் வீணையில் உலகப் புகழ் பெற்ற அதே பாலசந்தர்தான் திரையில் சந்திரபாபுவின் குரலுக்கு வாயசைத்தவர். தமிழிசையின் இரு வேறு உலகங்கள் ஒரே முகத்தில் சந்தித்த அரிய நிகழ்வு அது; இசை வரலாற்று நூல்கள் அதை ஓர் அடிக்குறிப்பாகவேனும் குறிக்க வேண்டும்.

ராக் அண்ட் ரோல் தமிழில் முழு உருவம் பெற்றது 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளில். மு. கருணாநிதியின் எழுத்தில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘புதையல்’ (1957), ஏ. பீம்சிங் இயக்கிய ‘பதிபக்தி’ (1958) ஆகிய இரு படங்களிலும் இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. சந்திரபாபு பாடிய பாடல்களுக்குச் சொல் தந்தவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ‘பதிபக்தி’ப் பாடலில் ராக் அண்ட் ரோல் என்னும் பெயரே இடம்பெறுகிறது, அதில் உடன் பாடியவர் வி. என். சுந்தரம். பில் ஹேலியின் பதிவுக்கும் இவற்றுக்கும் இடைப்பட்ட காலம் மூன்று, நான்கு ஆண்டுகளே. இதே 1957இல் இந்தியில் ‘ஆஷா’ படத்திற்காக கிஷோர் குமார் பாடிய துள்ளிசைப் பாடலை அமைத்தவர் சி. ராமச்சந்திரா, 1940களின் தொடக்கத்தில் ‘வனமோகினி’ முதலிய தமிழ்ப் படங்களின் வழியாகவே இசையமைப்பாளராக அறிமுகமானவர் அவர் என்பது சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையே நிகழ்ந்த இசைப் போக்குவரத்தைக் காட்டும்.

பட்டுக்கோட்டையாரைக் குறித்து இங்கே சற்று நின்று பேச வேண்டும். செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்து, தஞ்சை மாவட்ட விவசாய இயக்கத்தோடும் பொதுவுடைமைக் கொள்கையோடும் ஒன்றி வளர்ந்து, 1959 அக்டோபரில் 29ஆம் வயதில் மறைந்த அக்கவிஞர், உழைப்பாளர் பாடல்களுக்காகவே போற்றப்படுகிறார். அமெரிக்கத் தாளத்துக்குத் தமிழ்ச் சொல்லை அமர்த்திக் கொடுத்த பணியும் அவருடையதே என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அப்பணியின் அருமை யாப்பறிந்தோர்க்கு விளங்கும். ஆங்கிலம் அழுத்தத்தால் நடக்கும் மொழி. தமிழ் மாத்திரையால் நடக்கும் மொழி, அதில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அழுத்தத்தையே உயிராகக் கொண்ட தாளத்துக்கு மாத்திரை மொழியைப் பொருத்தும்போது நெடில்கள் இழுத்து நின்று துள்ளலைக் கெடுத்துவிடும். கல்யாணசுந்தரத்திடம் இதற்கு இருந்த தீர்வு நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வந்தது: சிறு சிறு சொற்கள், ஒரே சொல்லின் அடுக்கு, தாளத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஓர் இரட்டித்த ஒற்று. ஒற்று இரட்டிக்கும் இடத்தில் தமிழ் தானாகவே அழுத்தம் கொள்கிறது. சந்திரபாபு அந்த ஒற்றின் மீது குரலை ஊன்றி, அடுத்து வரும் உயிரை வழுக்கவிட்டுப் பாடினார். கும்மிக்குப் பாட்டுக் கட்டத் தெரிந்த கவிஞனும் கொழும்பின் செவி வாய்த்த பாடகனும் சேர்ந்ததால்தான் இது கைகூடியது. ராக் அண்ட் ரோலுக்குத் தஞ்சை மண் அளித்த பங்கு இதுவே. அது சிறிய பங்கன்று.

பாடலின் மறுபாதி அவருடைய உடலில் இருந்தது. நடன ஆசிரியர்கள் கற்பித்த அசைவுகளைச் செய்யும் நடிகர்களுக்கு மாறாக, தாளத்தின் இரண்டாம், நான்காம் தட்டுகளை முழங்காலிலும் தோளிலும் வாங்கிக் காட்டும் ஆட்டம் அவருடையது. பாடியவரே ஆடியதால் மூச்சு வாங்கும் இடமும் கால் மாறும் இடமும் ஒன்றியிருந்தன. பின்னணிப் பாடல் முறை குரலையும் உடலையும் இருவேறு மனிதர்க்குப் பிரித்துக் கொடுத்துவிட்ட ஒரு காலத்தில், அவ்விரண்டையும் தம்மிடமே வைத்திருந்த மிகச் சிலருள் அவர் ஒருவர். ராக் அண்ட் ரோலின் அடிப்படை விதியும் அதுதான்.

இத்தகைய கலைஞர் ஏன் பெரும்பாலும் கதாநாயகராகாமல் நகைச்சுவை நடிகராகவே நிறுத்தப்பட்டார் என்னும் வினா எழுகிறது. தோற்றமோ திறமையோ அதற்குக் காரணம் ஆகாது. நம் அரங்க மரபிலேயே விடை இருக்கிறது. மெலட்டூர் பாகவத மேளாவில் கோணங்கி முதலில் தோன்றி ஆடிச் செல்வதும், தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசர்களின் கதைக்கு நடுவே அன்றைய ஊர்ச் செய்தியைப் பேசுவதும் யாவரும் அறிந்தவை. புதியதும் அயலானதும் அவைக்கு முதலில் வரும்போது கோமாளியின் வாய்வழியாக வருவதையே மரபு அனுமதித்தது. பிழையென்றால் சிரித்துவிட்டுப் போகலாம், நன்றென்றால் வைத்துக்கொள்ளலாம். என். எஸ். கிருஷ்ணன் சீர்திருத்தக் கருத்துகளைப் பாட்டாகத் தந்ததும் இந்த உரிமையைக் கொண்டுதான். அந்த உரிமையைக் கருத்திலிருந்து இசைக்கு நகர்த்தியவர் சந்திரபாபு. மேலை இசையைக் கதாநாயகன் பாடினால் பண்பாட்டுக் கேடு என்று குறை கூறப்பட்டிருக்கக் கூடிய காலத்தில், கோணங்கியின் தொப்பிக்குள் மறைந்து அது உள்ளே வந்தது. வந்த பிறகு வெளியேறவில்லை என்பது வரலாறு. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) முதலிய படங்களில் கதாநாயகர்களே துள்ளலிசைக்கு ஆடத் தொடங்கினர். ஆனால் வழி திறந்தவர் கோமாளியாகவே எண்ணப்பட்டார்.

மக்களிடம் இப்பாடல்கள் பரவியதில் வானொலிக்கு உரிய இடம் தனியே ஆராயத் தக்கது. 1952இல் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் விலக்கிவைத்தது. 1957இல் விவித பாரதி தொடங்கும் வரை அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பே நிரப்பியது. கோடியக்கரை, நாகப்பட்டினம் தொடங்கிப் பூம்புகார் வரையிலான கடற்கரைச் சிற்றூர்களுக்குச் சென்னை வானொலியைவிடக் கொழும்பு வானொலி நெருக்கமாக ஒலித்தது. கொழும்பில் செவி வளர்த்த கலைஞரின் பாட்டு, சென்னையில் பதிவாகி, மீண்டும் கொழும்பின் வழியாகவே காவிரிப் படுகைக்கு வந்து சேர்ந்தது.

அவருடைய பாடல்களில் துள்ளலுக்கு மட்டுமே இடம் உண்டு என்று எண்ணுவோர் 1959 முதல் 1962 வரையிலான பாடல்களைக் கேட்க வேண்டும். எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் ‘மரகதம்’ (1959) படத்துக்காக ஜமுனா ராணியோடு பாடிய சோடிப் பாடல் இன்றும் மேடைகளில் பாடப்படுகிறது. ஏவி.எம். நிறுவனத்தின் ‘சகோதரி’ (1959) முதலில் எடுக்கப்பட்ட வடிவம் நிறைவு தராததால், சந்திரபாபுவின் பகுதி பின்னர் தனியே படமாக்கிச் சேர்க்கப்பட்டது; படத்தைத் தாங்கியது அப்பகுதியே. ‘அன்னை’ (1962), கண்ணதாசனே தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) ஆகிய படங்களில் கண்ணதாசன் சொற்களுக்கு அவர் பாடிய மெதுநடைப் பாடல்கள் வேறொரு திறத்தைக் காட்டுகின்றன. ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று, உரக்கப் பாடாமல், அருகிலிருப்பவரிடம் பேசுவது போல் பாடும் முறை மேலைநாட்டில் குரூனிங் எனப்படும். மின் ஒலிவாங்கி வந்த பிறகே இம்முறை இயன்றது, பிங் கிராஸ்பி அதில் முன்னோடி. சந்திரபாபு அம்முறையில் தத்துவப் பாடலைப் பாடியபோது, அறிவுரை கூறுபவரின் தொனி மறைந்து, அனுபவித்தவரின் தொனி வந்தது. அவருடைய சாதனைகளுள் தலையாயது எது என்று கேட்டால், ராக் அண்ட் ரோலுக்கும் மேலாக இந்த இரண்டு மெதுநடைப் பாடல்களையே சொல்லத் தோன்றும்.

பிற்காலம் துயரமானது. எம். ஜி. ஆரைக் கொண்டு தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ முடிவுறாமல் நின்றது. தாமே எழுதி இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) வரவேற்புப் பெறவில்லை. பொருளிழப்பும் உடல்நலக் கேடும் தொடர்ந்தன. 1974 மார்ச்சில், 46ஆம் வயதில், சென்னையில் காலமானார். இறுதிக் காலத்தில் அவருக்குத் துணை நின்றவர் எம். எஸ். விசுவநாதன். இந்த வீழ்ச்சியின் காரணங்களைத் தேடி எழுதப்பட்ட பக்கங்கள் மிகுதி; அவர் பாடிய ஒரு பாடலின் தாளத்தையேனும் ஆராய்ந்து எழுதப்பட்ட பக்கங்கள் மிகக் குறைவு. ஓர் இசைக்கலைஞருக்கு இழைக்கத் தக்க அநீதிகளுள் இதுவும் ஒன்று.

அவருக்குப் பின் இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தனர். தமிழ்நாட்டில் திரையிசையே அத்துறை முழுவதையும் உட்கொண்டது. இவ்விரு கிளைகளும் ஒரே வேரிலிருந்து வந்தவையா, எந்த அளவுக்கு ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பன தக்க ஆய்வாளருக்காகக் காத்திருக்கும் வினாக்கள்.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையும் திருவையாறு அரசு இசைக் கல்லூரியும் இப்பணியை ஏற்க வேண்டும். சந்திரபாபு பாடிய எல்லாப் பாடல்களுக்கும் ஆண்டு, இசையமைப்பாளர், கவிஞர், இசைத்தட்டு எண், இயன்றவரை வாத்தியம் வாசித்தோர் பெயர் ஆகியவற்றைக் கொண்ட ஓர் அட்டவணை வெளிவர வேண்டும். அவற்றுள் தேர்ந்தெடுத்த பத்துப் பாடல்களேனும் சுர தாளக் குறிப்புடன் அச்சேற வேண்டும். அந்தப் பதிவுகளில் டிரம்சும் டிரம்பெட்டும் வாசித்தவர்களில் நினைவு தப்பாமல் இன்னும் வாழ்வோர் மிகச் சிலரே இருக்கக் கூடும். அவர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.